வெள்ளிக்கிழமை மட்டும் பழுதாகாத கார்

மின்சாரக் கார் பிரிவில் புதிதாகச் சேர்ந்திருக்கும் ஆறு பேருக்கும் இதை எழுதுகிறேன். உங்கள் எல்லோரிடமும் சான்றிதழ் இருக்கிறது. என்னிடம் எப்போதும் இருந்ததில்லை. உயர்நிலை இரண்டில் பள்ளிக்கூடம் என் பெயரை நீக்கியது. நான் பள்ளிக்கூடத்தை விட்டு அப்போதே ஓராண்டு ஆகியிருந்தது.

அதன்பின் இங்கே சிங்கப்பூரில் கப்பல் பட்டறையில் மூன்று ஆண்டு, எல்லை தாண்டி ஜொகூரில் லாரி, ஒரு மீன் கிடங்கில் ஐஸ் அள்ளும் வேலை, பிறகு பேருந்துப் பணிமனை என்று பல இடம். கப்பல் பட்டறையில் இரண்டு விலா எலும்பு உடைந்தது. மீன் கிடங்கில் ஒரு விரல் நகம் போய்த் திரும்ப வந்தது. ஓர் இடத்தில் மூன்றாம் ஆண்டு முடிந்தால் எனக்குக் கால் நிற்காது, கிளம்பிவிடுவேன். குவீன்ஸ்டவுனில் இருக்கும் நம் பணிமனைக்கு வந்தபோது எனக்கு வயது ஐம்பத்தெட்டு. இங்கே மட்டும் ஒன்பது வருடம் தாக்குப்பிடித்தேன். ஓடுவதற்கு வேறு இடம் தோன்றவில்லை என்பதுதான் காரணம்.

சும்மா இருக்கிறாயே, புதியவர்களுக்கு நாலு பக்கம் எழுதிக் கொடு என்று பாஸ் போன வாரம் சொன்னார். சென்சார், மென்பொருள், வயரிங் படம் எல்லாம் உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். அதனால் அதையெல்லாம் விட்டுவிடுகிறேன். ஒரு வேலைத்தாளில் நான் தவறான கட்டத்தில் போட்ட ஒரு டிக் அடையாளத்தைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

தீவின் வடக்கே ஈசூனில் இருந்து மங்களா டீச்சர் என்று ஒருவர் தம் நீல நிற மின்சாரக் காரைக் கொண்டு வந்தார். எழுபத்தொரு வயது. முப்பது வருடம் கணக்கு சொல்லிக்கொடுத்தவர். உயரம் என் தோளுக்குக் கீழே. ஓட்டுநர் இருக்கையை மேலே ஏற்றி, முன்னால் தள்ளி, ஸ்டீயரிங்கைக் கட்டிப்பிடித்ததுபோல் உட்கார்ந்திருப்பார்.

குறை என்னவென்று அவர் சொன்னது இன்னும் எனக்கு மனப்பாடம். "பிரேக் மிதிச்சா பாதியில கல்லு மாதிரி நிக்குது. டங்குன்னு சத்தம். சிவப்பு விளக்கு. கீழ சமதரைக்கு வந்து மறுபடி கிளம்பினா, ஒண்ணுமே நடக்காத மாதிரி முகத்தை வெச்சுக்குது."

அந்தக் கார் அவருக்கு வீடு மாதிரி. செருப்போடு யாரும் ஏறக் கூடாது. தம் செருப்பை ரொட்டி வாங்கிய பையில் போட்டு, முடிச்சுப் போட்டு, பக்கத்து இருக்கையின் கால்மாட்டில் வைத்துவிட்டு வெறுங்காலோடு ஓட்டுவார். ஓட்டிப் பார்க்கும் முன்பு நாம் தரையில் காகிதம் விரிப்போம் அல்லவா, என் பூட்ஸைப் பார்த்துவிட்டு அதை இரண்டாக விரிக்கச் சொன்னார். விரித்தேன்.

கணினியில் பழைய பதிவு இருந்தது. மிதி இறங்கிய தூரமும் பிரேக் எண்ணெயின் அழுத்தமும் ஒத்துப்போகவில்லை; அதனால்தான் வண்டி சந்தேகப்பட்டு விளக்கைப் போட்டிருக்கிறது. மிதியின் சென்சாரை மாற்றினோம். இருக்கையை என் காலுக்கு ஏற்றபடி இறக்கிப் பின்னால் தள்ளிவிட்டு, மேம்பாலம், சுரங்கச் சாலை என்று ஒரு மணி நேரம் ஓட்டினேன். விளக்கு வரவில்லை. கொடுத்து அனுப்பினோம். ஒரே வாரத்தில் திரும்பி வந்தது. எண்ணெய் மாற்றினோம், சின்ன பேட்டரியை மாற்றினோம். மறுபடி ஓட்டினேன். ஒன்றுமில்லை.

இரண்டாம் தடவை வண்டியை எடுக்க டீச்சரோடு அவர் மகன் சுகுமாரும் வந்திருந்தார். நாற்பத்தைந்து வயது, நகரத்தில் ஒரு பெரிய கம்பெனியில் வேலை. காதில் ஒரு வெள்ளைக் கருவி எப்போதும் இருக்கும். நம்மோடு பேசுகிறாரா, அதோடு பேசுகிறாரா என்று தெரியாது. என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"அங்கிள், அம்மாவுக்கு வயசாச்சு. ரெண்டு பெடலையும் சேத்து மிதிக்கிறாங்க போல. நீங்க ஒரு லைன் எழுதிக் கொடுத்தா போதும். வண்டியை வித்துட்டு, அவங்களை நிம்மதியா வீட்டுல உக்கார வெச்சிடுவேன்."

கெட்ட மனிதர் இல்லை. அம்மாவுக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்று உண்மையிலேயே பயந்தார். ஆனாலும் பயந்தவர் சொல்வதைக் கேட்டு நாம் எழுதக் கூடாது. நான் எழுதினேன். அப்போதைய வேலைத்தாளில் ‘காரணம்’ என்ற தலைப்பின் கீழ் மூன்று கட்டங்கள்தான்: பாகம், மென்பொருள், ஓட்டுநர். ஒன்றில் டிக் போடாவிட்டால் வேலையை முடிக்க முடியாது. பாகத்தில் குறை இல்லை, மென்பொருளில் குறை இல்லை. மிச்சமிருந்தது ஒரு கட்டம். மதியச் சாப்பாட்டு நேரம் வேறு. ஓட்டுநர் என்பதில் டிக் போட்டுவிட்டு மீன் தலைக் கறி சாப்பிடப் போனேன்.

டீச்சர் அந்தத் தாளைக் கண்ணாடி போட்டுக்கொண்டு முழுதாகப் படித்தாராம். என்னைத் திட்டவில்லை. நான்காக மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டு போய்விட்டார் என்று அப்போது என்னோடு வேலை செய்த தினேஷ் சொன்னான்.

மூன்றாம் தடவை டீச்சர் தனியாக வந்தார், ஒரு திங்கட்கிழமை. அன்று காலையும் விளக்கு வந்திருந்தது. என் தாளைக் காரணம் காட்டி மகன் வண்டியை வாங்க ஆளே பார்த்துவிட்டாராம். வருகிற சனிக்கிழமை வந்து வண்டியை எடுத்துக்கொண்டு போகிறார்கள். அதற்குள் வேறு காரணம் கிடைக்காவிட்டால் வண்டி போய்விடும். அதோடு டீச்சர் ஓட்டுவதும் முடிந்தது.

ஈசூனில் ரயில் இருக்கிறது, பேருந்து இருக்கிறது என்று ஆறுதல் சொல்லிப் பார்த்தேன்.

"பஸ்ல போனா பஸ் போற எடத்துக்குத்தான் போகலாம், செல்வம்" என்றார்.

வாழ்நாள் முழுக்க நினைத்த நேரத்தில் கிளம்பிப் போனவன் நான். வண்டியை வைத்துவிட்டுப் போங்கள் என்றேன். வண்டியோடு ஒரு கணக்கு நோட்டையும் வைத்துவிட்டுப் போனார்.

நோட்டில் கோடு போட்டு, விளக்கு வந்த ஒவ்வொரு தடவையும் எழுதியிருந்தார். கிழமை, நேரம், கார் நிறுத்துமிடத்தின் எத்தனையாவது மாடி, வெயிலா மழையா, பேட்டரி எவ்வளவு. எல்லாம் காலை ஏழேகாலுக்கு மேல். எல்லாம் அவர் குடியிருக்கும் புளோக்கின் அடுக்குமாடிக் கார் நிறுத்துமிடத்தில், ஐந்தாம் மாடியில் இருந்து சுற்றிச் சுற்றி இறங்கும்போது. சனி, ஞாயிறு காலையில் அவர் வண்டியை எடுப்பதில்லை. மற்ற நாட்கள் எல்லாம் உண்டு. வெள்ளிக்கிழமை மட்டும் ஒரு தடவைகூட இல்லை.

இதைக் கண்டுபிடித்தவன் தினேஷ். உங்களுக்கு இப்போது அவன் சூப்பர்வைசர். அப்போது புதுக்கோட்டையில் இருந்து வந்து மூன்று வருடம் ஆகியிருந்தது. நல்ல வேலைக்காரன். நோட்டை மூடிவிட்டு என்னைப் பார்த்தான்.

"அண்ணே, வெள்ளிக்கிழமை டீச்சர் எங்க போறாங்க?"

வெள்ளிக்கிழமை காலையில் லிட்டில் இந்தியாவுக்குப் போய்ப் பூ வாங்கி, கோயிலுக்குப் போவார் என்றேன்.

"அப்பறம் எப்படிண்ணே விளக்கு வரும்? அம்மன் விடுமா?"

செவ்வாய்க்கிழமையும் அம்மனுக்கு உகந்த நாள்தானே, செவ்வாய்க்கிழமை ஏன் வருகிறது என்று கேட்டேன். அவன் ஒரு ஸ்பேனரைக் கையில் உருட்டிக்கொண்டு நேர்மையாக யோசித்தான். செவ்வாய்க்கிழமை டீச்சர் பூ வாங்குவதில்லை, ஆகவே பூதான் விஷயம் என்றான்.

சிரிக்காதீர்கள். மூன்று பாகம் மாற்றியும் தீராத பழுதின் முன்னால் நிற்கிறவனுக்கு எல்லாமே அறிவியலாகத்தான் தெரியும். செவ்வாய்க்கிழமை ஃபேரர் பார்க் பக்கம் ஒரு பாகம் வாங்கப் போனவன், அப்படியே லிட்டில் இந்தியாவுக்கு நடந்து போய் இரண்டு முழம் மல்லிகை வாங்கி வந்தேன். தினேஷ் அதைக் காரின் கண்ணாடியில் கட்டினான். பாஸ் எட்டிப் பார்த்து, அது என்ன பார்ட் என்று கேட்டார். ஏர் ஃபில்டர் என்றான். பாஸ் ஒரு தும்மல் போட்டு, "ஓகே லா, சீக்கிரம்" என்று போய்விட்டார்.

பக்கத்தில் இருந்த எட்டு மாடிக் கார் நிறுத்துமிடத்தில் பதினொரு தடவை ஏறி இறங்கினேன். ஆறாவது தடவை காவலாளி நிறுத்தி, வண்டியை விட்ட இடத்தை மறந்துவிட்டீர்களா என்று கேட்டார். வண்டிக்குள்தான் இருக்கிறேன் என்றேன். விளக்கு வரவே இல்லை. தினேஷ் கன்னத்தில் போட்டுக்கொண்டான். நானும் லேசாகப் போட்டுக்கொண்டேன்.

இந்த ஓர் இடத்தில் மட்டும் பேனாவை எடுத்துக் குறித்துக்கொள்ளுங்கள். நம் கையில் இருக்கும்போது வராத பழுது, நாம் எதை மாட்டினாலும் வராது. நாங்கள் அந்தக் காரில் முருங்கைக்காய் கட்டியிருந்தாலும் அன்றைக்குப் பலன் கிடைத்திருக்கும்.

மாலையில் டீச்சர் வந்து பூவோடு வண்டியை எடுத்துக்கொண்டு போனார். புதன்கிழமை காலை ஏழரைக்கு என் கைப்பேசி அடித்தது.

"செல்வம், பூ நல்ல பூ. விளக்கு வந்துடுச்சு."

தினேஷிடம் சொன்னேன். பூ வாடியிருக்கும் அண்ணே என்றான். அந்த நேரத்தில்தான் விரல் விட்டு நாட்களை எண்ணினேன். வெள்ளிக்கிழமை பழுது வராது. சனிக்கிழமை ஆள் வந்துவிடுவான். மிச்சம் இருப்பது வியாழன் காலை ஒன்றுதான். புத்திசாலித்தனத்தால் நான் ஈசூனுக்குப் போனேன் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். வண்டியிடம் கேட்க என்னிடம் வேறு கேள்வி இல்லை. எனக்கு வேறு வழி தெரியவில்லை என்று டீச்சரிடம் தொலைபேசியில் சொல்ல வெட்கமாக இருந்தது. நேரில் போய்ச் சொல்லலாம், முடிந்தால் அவரோடு உட்கார்ந்து ஒரு தடவை இறங்கிப் பார்க்கலாம் என்று போனேன்.

வியாழன் காலை ஏழுக்கு ஐந்தாம் மாடியில் நின்றேன். டீச்சர் என் பூட்ஸைப் பார்த்தார். கழற்றினேன். வலது காலுறையில் கட்டைவிரல் முழுதாக வெளியே தெரிந்தது. ரொட்டிப் பை ஒன்றை நீட்டினார். பூட்ஸ் அதற்குள் போகவில்லை. அரிசிப் பை ஒன்றைத் தேடி எடுத்து, பூட்ஸைப் போட்டு, இறுக்கி முடிச்சுப் போட்டு என் மடியில் வைத்தார். பிறகு நான்கு கண்ணாடிகளையும் இறக்கிவிட்டார்.

ஏழு பதிமூன்றுக்கு சுகுமார் ஓடி வந்தார். ஓட்டுநருக்கு நேர் பின்னால் ஏறினார். தினமும் அம்மாதான் அவரை நகரத்தில் இறக்கிவிடுகிறார் என்பது எனக்கு அப்போதுதான் தெரியும். மடிக்கணினியைத் திறந்து, காதுக் கருவியில் கூட்டத்தைத் தொடங்கி, கால் விரலாலேயே குதிகாலை அழுத்தி இரண்டு ஷூவையும் உதறினார். என்னைப் பார்த்து, இன்னும் இதை விடவில்லையா அங்கிள் என்பதுபோல் ஒரு சிரிப்பு.

கிளம்பினோம். நான் டீச்சரின் கால்களை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன். வெறுங்கால். இடது கால் ஓரமாக ஓய்வில். வலது கால் ஒரு மிதியை விட்டு, நகர்ந்து, அடுத்த மிதிக்குப் போனது. இரண்டையும் சேர்த்து மிதிக்கவே இல்லை. நான் டிக் போட்ட கட்டம் என் கண் முன்னாலேயே பொய்யாகிக்கொண்டிருந்தது.

நான்காம் மாடி வளைவு. மூன்றாம் மாடி வளைவு. தரையில் ஏதோ சரசரவென்று உரசியது. டீச்சர் பிரேக்கை மிதித்தார். மிதி பாதியில் நின்றது. டங். சிவப்பு விளக்கு. வண்டி வேகம் குறைந்து சரிவில் மெல்ல ஊர்ந்தது, முழுதாக நிற்கவில்லை. பின்னால் வந்த வேன் ஹாரன் அடித்தது.

சுகுமார் பின்னால் இருந்து கத்தினார். "அழுத்துங்கம்மா, நல்லா அழுத்துங்க."

நான் குனிந்தபோது மிதிக்குப் பின்னால் பழுப்பாக ஒன்று தெரிந்தது. அழுத்த அழுத்த அது இன்னும் இறுகும். விளக்கவும் நேரமில்லை.

"டீச்சர், பார்க்கிங் பிரேக் பட்டனை இழுங்க. இழுத்துட்டு பிரேக்ல இருந்து காலை எடுத்துடுங்க."

சரிவில் இறங்கிக்கொண்டிருக்கும் ஒருவரிடம் பிரேக்கில் இருந்து காலை எடுக்கச் சொல்கிறேன். அதுவும், அவருக்கு ஓட்டத் தெரியாது என்று இரண்டு வாரத்துக்கு முன்னால் எழுதிக் கொடுத்த ஆள். பின்னால் மகன், எடுக்காதீங்கம்மா என்கிறார்.

டீச்சர் என் பக்கம் திரும்பவில்லை. "உறுதியாத்தான் சொல்றீங்களா, செல்வம்?"

"உறுதி, டீச்சர்."

பட்டனை இழுத்தார். வண்டி ஒரு குலுக்கலோடு நின்றது. காலை எடுத்தார். மிதி மேலே வந்தது. நான் கையை விட்டு அந்தப் பொருளை வெளியே எடுத்தேன்.

ஒரு ஷூ. இடது கால். நல்ல தோல். நுனியில் பிரேக் மிதி அச்சுக் குத்தியதுபோல் வரிவரியாகப் பதிந்திருந்தது, ஒன்றன்மேல் ஒன்றாகப் பல தடவை.

வேன்காரர் மட்டும் ஹாரனில் பேசிக்கொண்டிருந்தார். ஷூவின் உள்ளே பார்த்தேன்; பதினொன்றாம் எண். டீச்சரின் இரண்டு காலும் அதற்குள் போகும்.

மற்றது உங்களுக்கே விளங்கும். டீச்சர் குள்ளம் என்பதால் இருக்கை உயரத்தில் இருக்கும், அடியில் ஷூ போகிற அளவுக்கு இடைவெளி. சரிவில் சறுக்கி முன்னால் வரும். கீழே சமதரையில் கிளம்பும்போது பின்னால் ஓடிவிடும். பணிமனையில் நான் இருக்கையை இறக்கியதுமே அந்த இடைவெளி மூடிவிட்டது. அதோடு சுகுமாரின் ஷூ எங்களிடம் ஓட்டிப் பார்க்க வரவில்லை. தினமும் இறங்கும்போது இடது ஷூவைத் தேடிக் குனிந்து, அம்மா வண்டியை ஆட்டி ஆட்டி ஓட்டுகிறார் என்று சலித்துக்கொள்வாராம்.

"வெள்ளிக்கிழமை?" என்று கேட்டேன்.

"வெள்ளிக்கிழமை இவனுக்கு வீட்டுல இருந்து வேலை" என்றார் டீச்சர்.

கீழே இறங்கி ஓரமாக நிறுத்தினார். கைப்பையில் இருந்து நான்காக மடித்த தாளை எடுத்து என்னிடம் நீட்டினார். கூடவே ஒரு பேனா. நான் ஓட்டுநர் என்ற கட்டத்தின் டிக்கைக் கோடு போட்டு அடித்தேன். பக்கத்தில் கையாலேயே நான்காவதாக ஒரு கட்டம் வரைந்து, ‘பின்னால் உட்கார்ந்திருந்தவரின் இடது ஷூ, மிதிக்கு அடியில்’ என்று எழுதி, கையெழுத்துப் போட்டேன். தப்பு என்னுடையது டீச்சர், ஒரு தடவைகூட உங்களோடு உட்கார்ந்து வந்து பார்க்காமலேயே எழுதிவிட்டேன் என்றேன்.

"நானும் நோட்டுல யார் கூட வந்தாங்கன்னு ஒரு கோடு போடலையே" என்றார். "ஓட்டறது நான்தானே, வேற யாரை எழுதறதுன்னு விட்டுட்டேன்."

இப்போது நீங்கள் நிரப்பும் வேலைத்தாளில் ‘மற்றவை’ என்று ஒரு கட்டம் இருக்கிறது. அது வந்தது இப்படித்தான். அந்தக் கட்டம் இருக்கிறதே என்று அவசரப்பட்டு அதில் டிக் போடவும் வேண்டாம். முதலில் பூட்ஸைக் கழற்றிவிட்டு, குறை சொல்கிறவரோடு ஒரு தடவை ஏறி உட்காருங்கள்.

டீச்சர் கண்ணாடியில் மகனைப் பார்த்தார்.

"சனிக்கிழமை வர்ற ஆளுக்குப் போன் பண்ணி, வண்டி விக்கிறதுக்கு இல்லைன்னு சொல்லு."

"மீட்டிங்ல இருக்கேன்ம்மா" என்றார் சுகுமார், மிக மெல்லிய குரலில்.

அப்போதுதான் அவர் மடிக்கணினித் திரையைப் பார்த்தார். காதுக் கருவி எப்போதோ கழன்று இருக்கையில் கிடந்தது. கூட்டத்தில் இருந்த ஒன்பது பேரும் சின்னச் சின்னக் கட்டங்களில் இருந்து எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். மைக் திறந்தே இருந்ததால், ஐந்தாம் மாடியில் கிளம்பியதில் இருந்து எல்லாவற்றையும் கேட்டிருக்கிறார்கள். அதில் ஒரு பெரியவர், அவர்தான் மேலதிகாரி போல, அம்மா நலமா, ஷூ நலமா என்று ஆங்கிலத்தில் அக்கறையாக விசாரித்தார்.

சுகுமார் மடிக்கணினியை மூடினார். முகம் சிவந்துவிட்டது. பிறகு முன்சீட்டுப் பக்கம் என்னை நோக்கிக் கையை நீட்டினார், ஷூவுக்காக. நான் டீச்சரைப் பார்த்தேன்.

"மொதல்ல போன்" என்றார் டீச்சர்.